துருவைக் கவசமாக அணியும் சிற்பங்கள்

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் பகுதியில், ஒரு மேட்டின்மீது 1998 முதல் நிற்கிறது சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் ‘வடக்கின் தேவதை’. 20 மீட்டர் உயரமும் 54 மீட்டர் இறக்கை விரிவும் உடைய அந்த 200 டன் எஃகு உருவத்துக்கு வண்ணப்பூச்சு எதுவும் கிடையாது. துருதான் அதன் மேற்பூச்சு.

சாதாரண இரும்பை இப்படி வெட்டவெளியில் விட முடியாது. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உப்பி, வெடித்து, நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக உதிர்ந்து, அடியிலுள்ள புதிய உலோகத்தை மறுபடியும் ஈரத்துக்குக் காட்டிவிடுகிறது.

1933-இல் அமெரிக்காவில் ‘கார்-டென்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த எஃகில் செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்திருந்தன. நிலக்கரி ஏற்றும் ரயில் பெட்டிகளுக்குப் பயன்பட்ட அந்த எஃகுதான், 1967-இல் சிகாகோவில் நிறுவப்பட்ட பிக்காசோவின் சிற்பத்துக்கும், பின்னர் ‘வடக்கின் தேவதை’க்கும் பயன்பட்டது. இந்த எஃகும் முதலில் துருப்பிடிக்கவே செய்யும். தொட்டால் விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டும். ஆனால் மழையில் நனைந்து வெயிலில் உலர்வது மாறி மாறி நிகழும்போது, துருவிலுள்ள லெபிடோக்ரோசைட் என்ற சேர்மம் சிறிது சிறிதாகக் கோதைட் என்ற இன்னொரு சேர்மமாக மாறுகிறது. எஃகில் கலந்துள்ள செம்பு, குரோமியம் போன்றவற்றின் தயவால் துருவின் உள்ளடுக்கில் இந்தத் துகள்கள் மிக நுண்ணியவையாக அமைந்து நெருக்கமாகப் படிகின்றன. நீரும் ஆக்சிஜனும் அதைக் கடந்து செல்வது அரிதாகிறது. அரிப்பு அறவே நிற்பதில்லை, வேகம்தான் வெகுவாகக் குறைகிறது. நிறமும் சில ஆண்டுகளில் அடர்பழுப்பாகிவிடும். கோதைட் இரும்புத் தாதுக்களில் காணப்படும் கனிமம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்: தாதுவை உருக்கும் உலையில் இழந்த ஆக்சிஜனை இரும்பு காற்றிடமிருந்தும் மழையிடமிருந்தும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் எல்லாமே உலர்வதைப் பொறுத்தது. சிற்பத்தின் அடியில் சருகு குவிந்தாலோ, இரு தகடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளியில் நீர் தங்கினாலோ, அந்த இடத்தில் மட்டும் கவசம் உருவாகாமல், விலையுயர்ந்த எஃகும் சாதாரண இரும்பைப் போலவே அரிக்கப்படும். ஆகவே தட்டையான பரப்புகளைச் சாய்வாக அமைப்பதும், இணைப்புகளை இடைவெளியின்றிப் பற்றவைப்பதும், உள்ளே புகும் நீர் வடியத் துளைகள் விடுவதும் உருவத்தின் அழகுக்கு நிகரான கவனம் பெற வேண்டியவை என்பேன். கடலோரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்வதோடு, அதிலுள்ள குளோரைடு துருவின் அடர்த்தியையும் குலைத்துவிடுகிறது.

லேசான கீறல் விழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை; அடுத்தடுத்த மழைகளில் அந்த இடம் தானாகவே மூடிக்கொள்ளும். யாரேனும் தெளிப்பு வண்ணத்தால் கிறுக்கிவிட்டால்தான் சங்கடம். அதைத் தேய்த்து அகற்றும்போது துருவும் சேர்ந்து போய்விடுவதால், சுற்றிலும் அடர்பழுப்பு இருக்க, துடைத்த இடம் மட்டும் நெடுநாள் ஆரஞ்சுத் திட்டாகத் தெரியும்.