இரண்டாவது மாதம் திரும்பி வருகிறாரா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. கட்டுப்படும் விதம்

உயர் ரத்த அழுத்தத்துக்கான முக்கிய மாத்திரைகள் எல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்தவை. அரசு மொத்தமாக வாங்கினால் மிக மலிவாகக் கிடைக்கும். ஆனாலும் உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே என்றும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்.

நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களைத் தேடிப் பிடிக்க முகாம் போடுகிறோம், பட்டியல் எடுக்கிறோம். அது தேவைதான். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டவர்களையும் இழப்பது பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில். முதல் மாத்திரை வாங்கியவர் 30 நாள் கழித்துத் திரும்பி வருகிறாரா, வரும்போது மாத்திரை இருப்பு இருக்கிறதா, அழுத்தம் இறங்காவிட்டால் மருந்தைக் கூட்டுகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

இந்தியாவில் 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனத்தின் இந்திய அலுவலகம் ஆகியவை சேர்ந்து தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி இந்த இடத்தில்தான் கை வைத்தது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய 5 மாநிலங்களில் ஆரம்பித்துப் பிறகு விரிந்தது. புதிய மருந்து எதையும் அது கொண்டுவரவில்லை. எளிய சிகிச்சை நெறிமுறை, தடையில்லாத மருந்து இருப்பு, செவிலியர்களுக்குக் கூடுதல் பொறுப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் சிகிச்சை, ஒவ்வொருவரையும் தொடரும் பதிவு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்தது, அவ்வளவுதான்.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். ஓ.பி. வரிசையில் நின்று, படியேறி வந்தவுடன் கையில் பி.பி. கருவியின் பட்டையைக் கட்டினால் வரும் எண்ணை நம்பக் கூடாது. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, புகை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்க, பட்டை சட்டைத் துணிக்கு மேல் இல்லாமல் தோல்மேல் படவேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். இரண்டு முறையாவது அளந்து சராசரி எடுப்பது நல்லது. மேல் அழுத்தம் 140-ஐயோ கீழ் அழுத்தம் 90-ஐயோ தொட்டால், அதாவது 140/90 என்றால், வேறொரு நாளும் அளந்து உறுதி செய்வார்கள். 180/110-ஐத் தொட்டால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். பதிவேட்டில் 130, 140, 150 என்று பூஜ்ஜியத்தில் முடியும் எண்களே வரிசையாக இருந்தால், அங்கே அளந்த எண்ணைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள் என்று பொருள். தரம் சோதிக்கப்பட்ட டிஜிட்டல் கருவி இந்தப் பழக்கத்தைப் பெருமளவு ஒழிக்கிறது. பேட்டரியும் மாற்றுப் பட்டையும் கையிருப்பில் இருக்கும்வரை.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை: சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அன்று அளந்தால் அளவு எகிறித்தான் இருக்கும். பி.பி. மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம் என்று முந்தைய வருகையிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நெறிமுறை. மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறினாலும், வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில் அம்லோடிபின் 5 மி.கி. ஒரு மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே வரவில்லை என்றால் டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்ப்பார்கள். அதன்பின் அளவைக் கூட்டுவார்கள், அதுவும் போதாதபோது குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேரும். இந்த மருந்துகளைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நாளுக்கு ஒன்று போதும்; ஒரு நாள் மறந்தாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடாது. தொடங்கும்முன் ரத்தப் பரிசோதனையும் வேண்டியதில்லை. கணுக்கால் வீக்கம்தான் அதன் வழக்கமான தொல்லை. டெல்மிசார்டனைக் கருவுற்றவர்களுக்கும் கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கும் தரக் கூடாது. குளோர்தாலிடோன் சோடியம், பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடும் என்பதால் முதியவர்களிடம் கவனம் வேண்டும்.

ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தை இறக்குகிறது. இவ்வளவு தெரிந்தும் நடைமுறையில் மருத்துவர் 156/94-ஐப் பார்த்துவிட்டு, “உப்பைக் குறைங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று பழைய சீட்டையே புதுப்பிக்கிறார். எனக்கு இதைவிடக் கவலை தரும் காட்சி கிடையாது. நோயாளி பேருந்துச் செலவு செய்து, ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கிறார். அவர் பங்கை அவர் செய்துவிட்டார். சுவரில் ஒட்டிய நெறிமுறைத் தாள் இந்தத் தயக்கத்தைத்தான் உடைக்கிறது. எண் இதற்கு மேல் இருந்தால் அடுத்த படி இது என்று எழுதியிருக்கும்போது, செவிலியரே மருத்துவரிடம் நினைவுபடுத்த முடிகிறது.

நெறிமுறை மூன்று நான்கு மருந்துகளோடு நிற்பதால் கொள்முதல் கணக்கும் சுலபமாகிறது. ஒரு நிலையத்தில் 1,000 பேர் பதிவாகி, எல்லோரும் தினம் ஓர் அம்லோடிபின் எடுத்தால் மாதம் 30,000 மாத்திரை. அதில் 400 பேருக்கு டெல்மிசார்டனும் என்றால் 12,000. அதற்கு மேல் சில மாதக் கூடுதல் இருப்பு வேண்டும். போன மாதம் எவ்வளவு செலவானதோ அதையே அடுத்த கோரிக்கையாக எழுதும் வழக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போன மாதம் பாதியில் மருந்து தீர்ந்திருந்தால் செலவுக் கணக்கே குறைவாகக் காட்டும், அடுத்த கோரிக்கையும் குறையும், பற்றாக்குறை நிரந்தரமாகிவிடும். பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து மருந்து போகும்படி செய்தது தமிழ்நாட்டுக்குப் பெரிய பலம். ஆனால் கிடங்கு நிறைந்திருந்தும் மருந்தகத்தில் 10 நாளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால், நோயாளி மாதம் மூன்று முறை அலைவார். பலர் மூன்றாவது மாதம் வரமாட்டார்கள்.

தூரத்தையும் குறைக்க வேண்டும். அளவு கட்டுக்குள் வந்தவர் மருத்துவரை ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டியதில்லை. துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் அளந்து மாத்திரை கொடுக்கலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதை வீட்டு வாசல் வரை கொண்டுபோனது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த கோப்ரா-பிபிஎஸ் ஆய்வில், சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்று அளந்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2 ஆண்டு முடிவில் மேல் அழுத்தம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட சுமார் 5 மி.மீ. (பாதரச அளவில்) கூடுதலாக இறங்கியிருந்தது. ஒரு மனிதருக்கு 5 மி.மீ. சிறிய எண், ஒரு மாவட்டத்துக்கு அது பல பக்கவாதங்கள் குறைவதற்குச் சமம்.

கடைசியாக, எண்ணிக்கை. 100 பேர் பதிவாகி, இந்தக் காலாண்டில் 50 பேர் வந்து, அவர்களில் 35 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், கட்டுப்பாட்டு விகிதம் 70 சதவீதம் என்று எழுதத் தோன்றும். சரியான விடை 35 சதவீதம். வராத 50 பேரும் வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டால், நோயாளிகளை இழக்க இழக்க நிலையத்தின் மதிப்பெண் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு காலாண்டிலும் கட்டுக்குள், கட்டுக்கு மேல், வரவில்லை என்று மூன்று கட்டங்களில் பிரிக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் கியூஆர் அட்டையைக் காட்டிப் பதிந்தால் வராதவர் பட்டியல் தானாகவே வந்துவிடும். தாள் அட்டைகளை மாதவாரியாகப் பெட்டியில் அடுக்கினாலும் இதே வேலை நடக்கும்.

அந்தப் பட்டியலில் முதலில் அழைக்க வேண்டியவர்கள், கடைசி அளவு 180/110-ஐத் தாண்டியவர்களும், முன்பே பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களும். அழைக்கும்போது “ஏன் வரலை” என்று அதட்டாமல், மாத்திரை தீர்ந்ததா, வேலைக்கு வெளியூர் போயிருக்கிறாரா, கால் வீங்கியதால் நிறுத்தினாரா, வேறு இடத்தில் வாங்குகிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அடுத்த மாதம் எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பதில்களே காட்டிவிடும்.