மந்திக்கு சிப்ஸ் போடுறதை நிறுத்துங்க, காட்டுல அதுக்கு வேலை இருக்கு

திரும்பவும் அதே கேஸ்தான். வால்பாறை ரோட்டுல வண்டி அடிச்சு ஒரு சோலைமந்தி, நாங்க போய் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு, கன்னப்பைக்குள்ள பாதி மென்ன சிப்ஸ். சிங்கவால் குரங்குன்னு சொல்றோமே அதுதான், மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் கிடையாது, அதுக்குப் போய் கார் கண்ணாடிய இறக்கி முறுக்கு போடுறாங்க. ஒரு கால்நடை மருத்துவரா சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. கேட்டா ஒரே பதில்: "நாலு குரங்கு ரோட்டுக்கு வந்தா காட்டுக்கு என்ன சார் நஷ்டம், மண்ணு அவ்ளோ செழிப்பு, காடு அது பாட்டுக்கு வளரும்."

இந்த "மண்ணு செழிப்பு"ங்கற பேச்சத்தான் என்னால தாங்க முடியல. மழைக்காட்டு மண்ணு செழிப்பு இல்லங்க. மேல அவ்ளோ பச்சையா இருக்கறதால கீழயும் அள்ள அள்ள சத்து இருக்கும்னு நெனச்சுக்கறாங்க, அங்கதான் தப்பு. நம்ம சின்னக்கல்லார் தமிழ்நாட்டுலயே மழை அதிகமா கொட்டுற இடங்கள்ல ஒண்ணு, அந்த மழை மண்ணுல இருக்கற கால்சியம் பொட்டாசியத்தையெல்லாம் கரைச்சு ஓடையோட இழுத்துட்டுப் போயிடும், மிச்சம் இருக்கற பாஸ்பரஸையும் செம்மண்ணுல இருக்கற இரும்பும் அலுமினியமும் புடிச்சு வெச்சுக்கும், வேருக்கு சுலபத்துல கிடைக்காது. காட்டுக்கு உதவுற சத்துல பெரும்பகுதி மரத்துலயும் இலையிலயும் மிருகத்து உடம்புலயும்தான் சுத்திக்கிட்டு இருக்கு. அன்னாடங்காச்சி குடும்பம் மாதிரி, வர்றது அப்பப்பவே செலவு, கையிருப்பு கிடையாது. அமேசான்ல காட்ட வெட்டி எரிச்சு வெள்ளாமை வெச்சவங்களுக்கு சில வருஷத்துலயே விளைச்சல் படுத்துப்போனது இதனாலதான்.

சரி, அந்த சத்து இடம் விட்டு இடம் எப்படிப் போகும்? தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் இழுக்கும். பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு ஏறணும்னா காலு இருக்கணும், இல்ல றெக்கை இருக்கணும்.

யானைய எடுத்துக்கங்க. நடு ஆறுன்னு இங்க ஓடுற ஆத்து ஓரமா மேஞ்சுட்டு அப்படியே சோலைக்குள்ள ஏறும், தின்னதுல பாதி கூட செரிக்காது, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 100 கிலோ லத்தி போடும், அதுவும் ஒரே இடத்துல இல்ல, நடக்கற வழியெல்லாம். புது லத்தி ஒண்ண உடைச்சுப் பாருங்க, நாரு நாரா இருக்கும், நடுவுல முழுசா பலாக்கொட்டை, ஓரத்துல அதுக்குள்ள சாண வண்டு வேலைய ஆரம்பிச்சிருக்கும். சிலது உருண்டை புடிச்சு உருட்டிட்டுப் போகும், சிலது லத்திக்கு நேர் கீழயே குழி தோண்டும், பக்கத்துல பொடி மண்ணு குவிஞ்சு கிடக்கும், அத வெச்சே கண்டுபுடிச்சிடலாம். மேலயே கிடந்தா நைட்ரஜன் அம்மோனியாவா ஆவியாயிடும், இல்ல மழை அடிச்சுட்டுப் போயிடும். வண்டு கீழ கொண்டு போறதாலதான் வேருக்குப் போகுது, கூடவே விதையும் புதையுது. இருவாச்சிப் பறவை குங்கிலிய மரத்துப் பழத்தையும் காட்டு ஜாதிக்காயையும் முழுங்கிட்டு மலை தாண்டிப் போய் கொட்டைய துப்பும். மந்தி ஒரு மரத்துல தின்னுட்டு நாலு மரம் தள்ளிப் போய் கழியும்.

இதெல்லாம் நின்னா என்ன ஆகும்? தென் அமெரிக்காவுல பெரிய மிருகங்க சுமார் 12,000 வருஷம் முன்னாடியே அழிஞ்சுபோச்சு. அதனால அமேசான்ல பாஸ்பரஸ் இடம் விட்டு இடம் பரவுறது 98 சதவீதம் குறைஞ்சிடுச்சுன்னு 2013ல ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு. நம்மகிட்ட யானையும் இருக்கு, காட்டுமாடும் இருக்கு, அதுங்க நடக்க விட்டா போதும்.

இப்ப ரோட்டோர மந்திக்கு வாங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காருக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கற கூட்டம் அன்னைக்கு காட்டுக்குள்ள பழம் தேடப் போகாது, அது கழியறதும் தார் ரோட்டுல, அடுத்த மழைல சாக்கடைல. நீங்க போட்டது ஒரு பாக்கெட், காடு இழந்தது ஒரு கூட்டத்தோட ஒரு நாள் உழைப்பு.

அதனால, வண்டிய நிறுத்தாதீங்க, கண்ணாடிய இறக்காதீங்க, பழம்தானேன்னு வாழைப்பழமும் வேண்டாம். புள்ளைங்க கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. சாப்பாட்டுக் கவரை, பால் பாக்கெட்டை புதருக்குள்ள வீசாதீங்க, உப்பு வாசத்துக்கு யானை அதையும் சேத்து முழுங்குது, லத்திக்குள்ள கவரை நான் பார்த்திருக்கேன்.

மாடு வெச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள், இது எங்க தொழில் சம்பந்தப்பட்டது, எங்க ஆளுங்களே நிறைய பேர் சொல்றதில்ல. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடுற ஐவர்மெக்டின் ஊசி சாணி வழியாத்தான் வெளிய வருது, அந்த சாணியில வளர்ற வண்டுப்புழு செத்துப்போகும். கண்ண மூடிக்கிட்டு எல்லா மாட்டுக்கும் போடச் சொல்லாதீங்க, சாணிய டெஸ்ட் பண்ணி தேவைப்பட்டதுக்கு மட்டும் போடுங்க. போட்டாச்சுன்னா குறைஞ்சது ரெண்டு வாரமாவது காட்டோரம் மேய விடாம தொழுவத்துலயே கட்டி தீவனம் போடுங்க. கொஞ்சம் சிரமம்தான், தெரியும். தயவு செஞ்சு பண்ணுங்க.