வரிசைப்படுத்தல் அல்ல, தொடராக்கம்

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் சில மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பயிற்சித்தாளில் இப்படி ஒரு கேள்வி: ‘மாணவர் பொருள்களை வரிசைப்படுத்திக் கோப்பில் எழுதுக.’ தமிழ்வழியில் படித்து வந்த பெண் ஒருத்தி, பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் நிரல் ஒன்றைப் பிசிறில்லாமல் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். தமிழ் என்ன சொன்னதோ அதைத்தான் அவள் செய்திருந்தாள். கேள்வி கேட்க நினைத்ததோ சீரியலைசேஷன். இந்த மொழிபெயர்ப்பை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

நிரலாக்கத்தில் பொருள் (ஆப்ஜெக்ட்) என்பது ஒன்றைப் பற்றிய தரவுகளின் தொகுப்பு. நிரல் ஓடும்போது அது நினைவகத்தில் ஒரே மூட்டையாகக் கிடப்பதில்லை. மாணவர் ஓரிடத்தில், அவருடைய முகவரி வேறிடத்தில், மதிப்பெண் பட்டியல் இன்னோரிடத்தில்; ஒன்று மற்றொன்றின் இருப்பிடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். நிரல் நின்றால் அத்தனையும் போய்விடும். அதைக் கோப்பில் வைக்கவோ வேறு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமானால், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் பைட்டுகளாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றம்தான் சீரியலைசேஷன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வீடு மாறியபோது தேக்குக் கட்டில் மாடிப்படியில் திரும்பவில்லை. ஆசாரி வந்து கால், சட்டம், பலகை என்று பிரித்தார். சேரும் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதினார். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, புது வீட்டில் எண் பார்த்துக் கோத்தார். அவர் கட்டிலை வரிசைப்படுத்தினார் என்று யாராவது சொல்வார்களா?

சீரியல் என்பதன் மூலம் ‘சீரிஸ்’ என்னும் லத்தீன் சொல். அது கோத்தல், இணைத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கல்மண்டபத்தில் பூக்காரம்மா செய்வதும் அதுதான்: தொடுத்தல். தொடு, தொடுத்தல், தொடர் எல்லாம் ஒரே குடும்பம். புறநானூற்றின் 74ஆம் பாட்டில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்றால் சங்கிலியில் கட்டிய நாய். ஆகவே தொடராக்கம்.

வரிசை என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம். ரேஷன் கடையில் நிற்பது வரிசை. அட்டவணையின் கிடைக்கோடு வரிசை. கல்யாணத்தில் வருவது சீர்வரிசை. கணினிப் பாடத்தில் சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்குவது வரிசைப்படுத்தல். குமிழி வரிசையாக்கம் (பபிள் சார்ட்) என்று படித்துத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். அதனால் ‘வரிசையாக்கம்’ என்று வாலை மாற்றி ஒட்டுவதும் உதவாது. தொடராக்கத்தில் எதையும் எதனோடும் ஒப்பிடுவதில்லை. பெரியது சிறியது பார்ப்பதில்லை. தொடர் என்றால் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் மறுத்தார். வரட்டும். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வருகிறது? இயற்பியலில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலைத் தொடர்வண்டி என்றால் விளங்காதவர் உண்டா? கையருகே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, அகராதியைத் திறந்ததும் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குப் பிடிக்காதது. அவர்கள் அந்தச் செயலை ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால் போதும்.

பிஎச்பி என்னும் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தொடராக்கிப் பாருங்கள். முதலில் சரம் (ஸ்ட்ரிங்) என்பதற்கான எழுத்து, அடுத்து நீளம் 15, அதன்பின் சொல். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து. பதினைந்து பெட்டிகள் கொண்ட ரயில். மற்ற நிரல்மொழிகளிலும் உண்டு: பைத்தானின் பிக்கிள், ரூபியின் மார்ஷல், ஜாவா 1997 முதல் தன்னுள்ளேயே தரும் வசதி, எல்லாமே உருவத்தில் வேறுபட்டாலும் வேலை இதுதான். ஒரே முகவரியை இரண்டு மாணவர்கள் சுட்டினால், பிக்கிள் அதை ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, அடுத்த இடத்தில் ‘முன்பு எழுதியதைப் பார்’ என்று குறிப்பு வைக்கும். ஆசாரியின் பென்சில் எண்ணும் அந்தக் குறிப்பும் ஒரே சாதி.

இதன் மறுபக்கமான டீசீரியலைசேஷனுக்குத் ‘தொடர்நீக்கம்’ என்கிறார்கள். ‘டீ’ என்ற முன்னொட்டைக் கண்டால் உடனே நீக்கம்! இங்கே எது நீங்குகிறது? கோப்பில் உள்ள தொடர் அப்படியேதான் இருக்கிறது. அதைப் படித்து, அதே மதிப்புகளோடு புதிதாக ஒரு பொருளை நினைவகத்தில் கட்டுகிறோம். பழைய பொருள் திரும்பி வருவதில்லை. எனவே மீட்டுருவாக்கம். ஆக்கம் என்ற பகுதி அதில் இருந்தே தீர வேண்டும். ஏனென்றால் பிக்கிள் கோப்பைத் திறக்கும்போது, அதற்குள் இருக்கும் கட்டளைகளும் இயங்கக்கூடும். முகம் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, ‘நீக்கம் என்றால் அழித்துவிடும் என்றுதான் சார் நினைத்தேன்’ என்றாள்.