பழுப்பு நிறத்தில் ஒரு பிளாக்பர்ட்

பிளாக்பர்ட் என்றொரு பறவை. ஆண் கறுப்பு, பெட்டை பழுப்பு. ஆனாலும் இரண்டுக்கும் அதே பெயர்தான். அண்டங்காக்கை முழுக்கக் கறுப்பு. அது பிளாக்பர்ட் ஆகாது. ஆங்கிலேயர் காதுக்கு இதில் குழப்பமே இல்லை. 'பிளாக்' ஓங்கி, 'பர்ட்' தணிந்தால் அது அந்தப் பறவையினத்தின் பெயர். 'பர்ட்' ஓங்கினால் ஏதோ ஒரு கறுப்புப் பறவை.

தமிழில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் இரு பாதிகளையும் நாம் ஒரே எடையில் சொல்லிவிடுகிறோம்.

சரி, எப்போதும் முதல் பாதிதான் ஓங்குமா? இல்லை. தெருப்பெயர்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் ஆக்ஸ்ஃபோர்ட் ஓங்கும். ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு என்றால் ரோடு ஓங்கும். இதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அசை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். நைட்ரேட் என்ற உப்பையும், இரவுக் கட்டணத்தைக் குறிக்கும் 'நைட் ரேட்'டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான். உப்பில் டகரமும் ரகரமும் ஒரே அசையில் சேர்ந்து கிட்டத்தட்ட 'ச்ர' என்றே ஒலிக்கும். கட்டணத்தில் டகரம் முதல் அசையை மூடிவிடும். அதற்குப் பிறகுதான் ரகரம் தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, அழுத்தம் கிடைக்காத பாதிக்கு நேரும் கதை. அது மெல்லத் தேய்கிறது. 'கப்', 'போர்ட்' இரண்டும் சேர்ந்து முதலில் கோப்பை வைக்கும் மேசையைக் குறித்தன. பின்னால் அது அலமாரி ஆனது. உச்சரிப்பும் 'கபர்ட்' என்று சுருங்கியது. ஆங்கில எழுத்தில் (cupboard) இருக்கும் p பேச்சில் இல்லை. 'என் தந்தை' நமக்கு 'எந்தை' ஆனதுபோல இதுவும் ஒரு மரூஉ. கப்பல்காரர்கள் வாயில், மாலுமிகளை மேற்பார்வையிடுபவரைக் குறிக்கும் 'போட்ஸ்வெய்ன்' தேய்ந்து 'போசன்' ஆகிவிட்டது.

தேய்ந்தது திரும்பி வருவதும் உண்டு. நெற்றியைக் குறிக்கும் 'ஃபோர்ஹெட்' ஒருகாலத்தில் 'ஃபாரிட்' என்றே ஒலித்தது. எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் பரவியபோது, உள்ளே மறைந்திருந்த 'ஹெட்' மீண்டும் பேச்சுக்கு வந்துவிட்டது. கபர்டுக்குள் இருக்கும் கப் மட்டும் இன்னும் எழுத்தோடு நிற்கிறது.