மங்கிய கண்ணுக்கும் தெரிய வேண்டும், கண் நிலையத்தின் இணையத்தளம்

வன்னியில் கண் பரிசோதனை நிலையம் நடத்துபவர்கள் இணையத்தளம் செய்விக்கும்போது, "வடிவாக இருக்க வேணும்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். அதை யார் திறந்து பார்ப்பார்கள் என்பதை யோசிப்பவர் குறைவு. ஒருவர், கண் மங்கிப்போய் போனைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்க்கிறவர். மற்றவர், கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்காக ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து தேடுகிற பிள்ளை. இந்த இரண்டு பேருக்கும் உதவாத தளம், எவ்வளவு காசு போட்டாலும் ஆளைக் கூட்டி வராது.

நிறத்தில் தொடங்குவோம். கண் நிலையம் என்றாலே வெள்ளைப் பின்னணியில் இளநீல எழுத்து என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. கண்புரை முற்ற முற்றக் கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியை மறிக்கும். பளிச்சென்ற வெள்ளை அவருக்குக் கூசும், இளநீல எழுத்து அதற்குள் வெளிறிப் போகும். எந்த நோய்க்காக அவர் உங்களைத் தேடுகிறாரோ, அந்த நோயே உங்கள் தொலைபேசி இலக்கத்தை மறைக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவரும் வாசிக்கும்படி வகுத்த பொதுவான இணைய அணுகல் தரம். கண் நிலையம் 7:1 இற்குக் கீழே இறங்கக்கூடாது. இளமஞ்சள் சாயல் பின்னணியில் கறுப்பு எழுத்து, அளவு 18 முதல் 20 பிக்சல், வரி இடைவெளி 1.6 மடங்கு என்று வையுங்கள். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று முட்டும். விரலால் பெருப்பித்துப் பார்ப்பதைச் சில வடிவமைப்பாளர்கள் பூட்டி வைக்கிறார்கள். அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்துரு. அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றினால், போனில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ஒரு போஸ்டர் படமாகப் போடுவார்கள். படத்துக்குள் இருக்கும் "கண் பரிசோதனை, முல்லைத்தீவு" என்ற வரியைத் தேடுபொறி நம்பகமாக எடுத்துக் காட்டாது. போனில் இருக்கும் வாசித்துக் காட்டும் வசதிக்கும் அது பெரும்பாலும் எட்டாது. சோதிக்க வழி சுலபம்: தளத்தில் ஒரு வரியை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோட், எல்லாப் போனிலும் தமிழாகத் தெரியும் எழுத்துமுறை.

படங்களைப் போனில் எடுத்தபடியே ஏற்றாதீர்கள். 4 எம்பி படம் ஐந்து இருந்தால், துணுக்காய்ப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்க முன்னமே ஆள் மூடிவிடுவார். அகலம் 1200 பிக்சல், அளவு 150 கேபி போதும்.

இனி உள்ளடக்கம். "அதிநவீன கருவிகள், அனுபவமிக்க சேவை" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. வர நினைப்பவருக்குத் தேவையானது வேறு; உதாரணமாக இப்படி எழுதுங்கள். சீனி வருத்தக்காரருக்கு விழித்திரை பார்க்கக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவோம். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அதனால் மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டி வரக்கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும், இப்போது போடும் கண்ணாடியையும் பாவிக்கும் மருந்துகளையும் கொண்டுவர வேண்டும். இதை முன்பே எழுதாவிட்டால், மல்லாவியிலிருந்து தனியே வந்தவரைச் சொட்டு விடாமலே திருப்பி அனுப்ப வேண்டி வரும். அவருக்கு அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. பஸ்ஸில் வருவோருக்குக் காலை நேரத்தை ஒதுக்குகிறோம் என்று ஒரு வரி சேர்த்தால், பிற்பகல் பதிவெடுத்துக் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் குறைவார்கள்.

பெரும்போக அறுவடைக்கு முன்னரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: கண்ணில் நெல் உமியோ தாளோ பட்டால் என்ன செய்வது. கசக்கக்கூடாது, தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடக்கூடாது, பார்மசியில் ஸ்டீரொய்ட் சொட்டு வாங்கி விடவே கூடாது. பயிரிலிருந்து வரும் பூஞ்சணம் கருவிழியில் புண் போட்டால், அந்தச் சொட்டு அதை வளர்த்துவிடும். சுண்ணாம்பு பட்டால், வைத்தியரிடம் ஓட முன்னமே, அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். திடீரென மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூடினாலோ, பார்வையில் திரை இறங்கினாலோ அன்றே காட்ட வேண்டும். இந்தப் பக்கத்தை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஆட்கள் தாங்களாகவே பகிர்வார்கள். பணம் கொடுத்துப் போடும் விளம்பரத்தைவிட இதற்குப் பலன் அதிகம்.

உங்களிடம் இல்லாததையும் சொல்லுங்கள். விழித்திரை லேசர் இல்லையென்றால், அதற்கு யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவோம் என்று எழுதுங்கள். கண் அழுத்த நோயான குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது; "பூரண குணம்" என்று எழுதுவது பொய். வைத்தியர்கள் தம்மை விளம்பரப்படுத்துவதற்கு இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க நெறிகளில் கட்டுப்பாடு இருப்பதையும் மறக்கக்கூடாது. நோயாளியின் முகப்படத்தை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வகுத்திருக்கிறது. கூகிளில் ஒருவர் குறை எழுதினால், "உங்களுக்குச் சீனி கூட" என்று அங்கே பதில் எழுதுவதும் அவருடைய உடல்நலத் தகவலை வெளியிடுவதுதான்.

கூகிள் வரைபடத்தில் உங்கள் குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று நேரே போய்ப் பாருங்கள். விலாசத்தோடு ஊர் அடையாளத்தையும் எழுதுங்கள்: கரடிப்போக்குச் சந்தியா, டிப்போ சந்தியா, 155 ஆம் கட்டையா என்று. போயா நாளில் திறப்பீர்களா என்பதையும் போடுங்கள். தொலைபேசி இலக்கம் தொட்டவுடன் அழைப்புப் போகிற மாதிரி இருக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் இலக்கம் தனியாக வேண்டும், உங்கள் பகலில் ரொறன்ரோவில் பெரும்பாலும் இரவு.

தளத்தின் பெயரை (டொமைன்) வடிவமைப்பாளரின் பெயரில் அல்ல, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். அவர் தொழிலை விட்டுப் போனாலும் புதுப்பிப்பு அறிவித்தல் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரிய முன்னமே தளம் இல்லாமல் போய்விடும்.