அழிக்க அழிக்கத் திரும்பி வரும் குக்கிகள்

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் லேப்டாப்போடு ஒரு டைரியையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தினமும் காலையில் ஸ்பைவேர் ஸ்கேன் (உளவு பார்க்கும் நிரல்களைத் தேடும் சோதனை) ஓட்டி, எத்தனை ஆபத்து கிடைத்தது என்று தேதி போட்டு எழுதியிருந்தார். 43, 38, 51, 47 என்று பக்கம் பக்கமாக எண்கள். அன்றன்றே எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம். மறுநாள் பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு மறுபடி இருக்குமாம்.

"மூணு மாசமா அழிக்கிறேன் தம்பி. வேர் எங்கேயோ உள்ளே இருக்கு. மொத்தமா ஃபார்மட் பண்ணிடுங்க" என்றார்.

கும்பகோணத்தில் 16 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இதே பயத்தோடு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். ஃபார்மட் செய்துகொடுத்தால் எனக்குக் கூலி கிடைத்துவிடும். ஆனால் அவர் வீட்டுக்குப் போய் வழக்கமாகப் படிக்கும் செய்தித்தளத்தைத் திறந்த சில நிமிடங்களில் ஸ்கேனர் ஆபத்தென்று எண்ணிய அதே குக்கிகள் திரும்ப வந்திருக்கும். மூன்று மாதம் விடாமல் கணக்கு எழுதிய மனிதரிடம் வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினேன்.

முதலில் ஸ்கேனர் காட்டியதை எல்லாம் அழித்துவிட்டு ஸ்கேன் ஓட்டினோம். பூஜ்யம். அப்புறம் அவர் தினமும் படிக்கும் செய்தித்தளத்தில் ஒரே ஒரு செய்தியைத் திறந்து, கீழ்வரை நகர்த்திப் படித்துவிட்டு மூடினோம். மறுபடி ஸ்கேன். 29.

"ஒரு பக்கம்தானே தம்பி திறந்தோம்?"

ஆமாம், ஒரு பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும். நடுவில் வரும் நகைக்கடை விளம்பரம் இன்னொன்றிலிருந்து, ஓரத்தில் ஓடும் வீடியோ வேறொன்றிலிருந்து, எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணும் நிரல் மற்றொன்றிலிருந்து வரும். இப்படிப் பல கம்பெனிகளின் சர்வர்கள் ஒரு பக்கத்துக்குள் வந்து போகும்போது, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சின்னக் குறிப்பை நம் பிரவுசரில் விட்டுப் போகலாம். அந்தக் குறிப்புக்குத்தான் குக்கி என்று பெயர். அதில் ஒரு பெயர், ஒரு நீளமான எண், எந்தத் தளம் வைத்தது, எப்போது காலாவதி ஆகும் என்ற விவரம், அவ்வளவுதான் இருக்கும். அது நிரல் இல்லை, தானாக ஓடாது. ஃபைலைத் திருடவோ கம்ப்யூட்டரை மெதுவாக்கவோ அதற்குச் சக்தி கிடையாது.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். அதில் நம் பெயரோ ஊரோ இருக்காது, எண் மட்டும்தான். திரும்பி வந்து காட்டினால் நம் செருப்பு எது என்று தெரிந்துவிடும். குக்கி பிறந்ததும் இதற்காகத்தான். 1994ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுல்லி இதை உருவாக்கினார். அதுவரை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் வந்தவர் யார் என்பதே தளத்துக்கு மறந்துபோகும். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு நகர்ந்தால் கூடை காலி. அந்த மறதிக்கு மருந்தாக வந்ததுதான் குக்கி. இன்றைக்கும் வங்கித் தளமோ ரயில் டிக்கெட் தளமோ இது இல்லாமல் ஓடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவதைப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாத ஒருவர் கடைவீதியின் எல்லாக் கடை வாசலிலும் ஆள் நிறுத்தி, வருகிறவர் எல்லோர் கையிலும் தன் டோக்கனைத் திணிக்கிறார். பாத்திரக் கடையில் நுழைந்தாலும், மருந்துக் கடையில் நுழைந்தாலும், வட்டிக்கடையில் நுழைந்தாலும் அவருடைய ஆள் நம் எண்ணைப் பார்த்து ஒரே நோட்டில் எழுதிக்கொள்கிறார். நம் பெயர் தெரியாவிட்டாலும் நம் நடமாட்டம் அவருக்குத் தெரியும். இதுதான் டிராக்கிங் குக்கி. மூன்றாம் தரப்பு குக்கி என்பதும் பெரும்பாலும் இதையே.

ஆக, இதில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விளம்பரக் கம்பெனிகளில் பெரியதாக இருந்த டபுள்கிளிக், 1999ல் அபாகஸ் டைரக்ட் என்ற கம்பெனியை வாங்கியது. அபாகஸிடம் அமெரிக்கக் குடும்பங்கள் தபாலில் வாங்கிய பொருட்களின் விவரம் பெயர், முகவரியோடு இருந்தது. குக்கியில் இருக்கும் பெயரில்லாத எண்ணையும் அந்தப் பெயர்களையும் இணைக்கும் திட்டம் வெளியே தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2000 மார்ச்சில் டபுள்கிளிக் பின்வாங்கியது. ஸ்பைவேர் ஸ்கேனர்கள் வீட்டுக்கு வீடு பரவியதும் அதை ஒட்டிய ஆண்டுகளில்தான். டிராக்கிங் குக்கியையும் அவை உளவுப் பட்டியலில் சேர்த்ததில் அன்றைக்கு நியாயம் இருந்தது. டபுள்கிளிக்கை கூகுள் 2008ல் வாங்கி முடித்தது. இன்றும் ஸ்கேன் பட்டியலில் பலமுறை வரும் பெயர் அது.

நான் கோபப்படுவது குக்கியைக் காட்டுவதற்காக இல்லை, காட்டும் விதத்துக்காக. தலைமையாசிரியரின் ஸ்கேனர் 51 வரிகளையும் ஒரே சிவப்பில், ஒரே அளவு எழுத்தில் காட்டியது. கீழே பெரிய பொத்தான்: முழுப் பாதுகாப்புக்குப் பணம் கட்டுங்கள். அவரும் கட்டியிருந்தார். இப்படி எண்ணைக் காட்டி விற்பது உலகம் முழுக்க நடப்பதுதான். 2019 மார்ச்சில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத் தொடரும் அதற்கு மென்பொருள் தந்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி, அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டன. அவர்களின் இலவசப் பரிசோதனையில் தொடக்கத்தில் நான்கு கேள்வி இருந்தது: மெதுவாக இருக்கிறதா, பாப்அப் வருகிறதா என்கிற மாதிரி. அதில் ஒன்றுக்கு டிக் அடித்தாலே, உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் மால்வேர் (கெடுதல் செய்யும் நிரல்) அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்பதுதான் குற்றச்சாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிராக்கிங்கைத் தடுப்போம் என்று சொன்ன அவாஸ்ட் ஆன்டிவைரஸ், தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020ல் அது அம்பலமாகி, ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024ல் அதே ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. கண்ணில் பட்ட இலவச ஸ்கேனரை எல்லாம் ஏற்றாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

சரி, தலைமையாசிரியரின் லேப்டாப்புக்கு வருவோம். டைரியில் 51 என்று எழுதிய நாளின் முடிவுகள் ஸ்கேனரில் பதிவாகி இருந்தன. வரிவரியாக இறக்கிப் பார்த்தேன். 50 குக்கி. ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: வேண்டாத நிரல் என்ற வகையில் ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். பிடிஎஃப்பை வேர்டாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒன்று. பேரனுக்குப் படிவம் நிரப்ப எப்போதோ ஏற்றியிருக்கிறார். அதன் அனுமதிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. அதாவது அவர் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் அதையும் அது படிக்கலாம். தேடுபொறியையும் அது சத்தமில்லாமல் மாற்றி வைத்திருந்தது. ஸ்கேனர் அழித்ததாகச் சொன்ன பிறகும் ஒவ்வொரு நாளும் திரும்ப வந்து உட்கார்ந்தது அந்த ஒரு வரி. 50 குக்கிகளுக்கு நடுவில் மூன்று மாதமும் அவர் கண்ணில் அது படவே இல்லை. எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லிப் பழக்கிய மென்பொருள் செய்த கெடுதல் இது.

அதனால் ஸ்கேன் முடிந்ததும் மொத்த எண்ணை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். குக்கி என்று இருக்கும் வரிகளைத் தாண்டிப் போங்கள். ட்ரோஜன், ஸ்டீலர், கீலாகர், ஹைஜாக்கர், வேண்டாத நிரல் என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் அங்கே நில்லுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் குக்கிகளை ஆபத்தாகக் காட்டுவதே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் அனுபவம்.

ஸ்கேனர் காட்டியதோடு நிற்காமல், தலைமையாசிரியரைப் போலப் பிரவுசரின் எல்லாக் குக்கியையும் தினமும் துடைப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. நல்ல டோக்கனும் சேர்ந்து போய்விடும். தலைமையாசிரியரை அவருடைய மின்னஞ்சல் தினமும் புதிய ஆளாகப் பார்த்திருக்கிறது. புதிய சாதனத்தில் உள்நுழைவு என்ற எச்சரிக்கை மெயில்கள் இன்பாக்ஸில் குவிந்து கிடந்தன. "அது தினமும் வரும் தம்பி, பார்க்கறதில்லை" என்றார். நாளைக்கு உண்மையிலேயே வேறு யாராவது நுழைந்தால் வரப்போவதும் அதே மெயில்தான். தினமும் தட்ட வேண்டியிருக்கிறதே என்று பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதிக் கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருந்தார். முதல் வேலையாக அதைக் கிழிக்கச் சொன்னேன்.

செய்ய வேண்டியது துடைப்பது இல்லை, உள்ளே விடாமல் இருப்பது. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்பதைத் திறந்து, பிளாக் என்று வையுங்கள். கடைக்காரர் தரும் டோக்கன் இருக்கும், வாசலில் நிற்கும் வேற்றாளின் டோக்கன் நின்றுவிடும். இதை நாமேதான் செய்தாக வேண்டும். மூன்றாம் தரப்பு குக்கிகளை இரண்டு வருடத்துக்குள் ஒழிக்கிறோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் சொன்னது, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து தானாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவிடுகிறது. ஒரு தளத்தில் வைத்த டோக்கனை இன்னொரு தளத்தில் காட்ட முடியாது. எட்ஜில் டிராக்கிங் பிரிவென்ஷன் என்று இருப்பதை ஸ்ட்ரிக்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். தடுத்த பிறகு ஏதாவது ஒரு தளத்தில் உள்நுழையவோ பணம் கட்டவோ முடியாமல் போனால், அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், போதும்.

இத்தனையும் செய்த பிறகும் வருகிறதே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது எத்தனை பிரவுசர் இருக்கிறது என்பதை. தலைமையாசிரியர் குரோம் மட்டும்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார். ஆனால் பிடிஎஃப் திறக்கும்போதெல்லாம் எட்ஜ் திறந்து, அதன் முதல் பக்கத்தில் செய்தியும் விளம்பரமும் ஓடியிருக்கிறது. அவர் ஒன்றும் தட்டாமலே அங்கே குக்கிகள் சேர்ந்திருக்கின்றன. பேரனுக்குக் குரோமில் தனி புரொஃபைல் வேறு இருந்தது, அதற்கும் தனியாக அமைக்க வேண்டும். இன்னொன்று, குரோம் ஒவ்வொரு புரொஃபைலின் எல்லாக் குக்கிகளையும் ஒரே கோப்பில்தான் வைத்திருக்கிறது. பிரவுசர் திறந்திருக்கும்போது வெளியிலிருந்து ஒரு ஸ்கேனர் வந்து அதிலிருந்து அழிப்பது சரியாக நடக்காது. ஜன்னலை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வசதி குரோமில் உண்டு; செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் அதை நிறுத்தலாம்.

குக்கிகளில் உண்மையிலேயே பத்திரப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கேனர் அதை ஆபத்தென்று காட்டுவதும் இல்லை. நாம் உள்நுழைந்த பிறகு தளம் தரும் டோக்கன்தான் அது. அது யார் கையில் இருக்கிறதோ அவரையே நாம் என்று தளம் நம்பும். பாஸ்வேர்டும் கேட்காது, பல இடங்களில் ஓடிபியும் கேட்காது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த பிடிஎஃப் மாதிரி ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். பிரவுசரில் இருந்த டோக்கன் திருடு போனது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சேனலில் கிரிப்டோ மோசடி ஓடியது. கம்ப்யூட்டரையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது நடந்தது. அடுத்த மாதமே, திருடிய குக்கிகளை விற்றுக்கொண்டிருந்த ஜெனசிஸ் மார்க்கெட் என்ற கள்ளச்சந்தையைப் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து முடக்கின. அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் குக்கி மான்ஸ்டர் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த வகைத் திருட்டுக்கு வழி நம் ஊரில் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, காசு கொடுக்காமல் கிராக் செய்த போட்டோஷாப், டாலி, கேம் என்று இறக்குவது. அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, மெயிலில் வரும் ஜிப் கோப்பு: பில், கூரியர் ரசீது, கோர்ட் நோட்டீஸ் என்ற பெயர்களில் வரும். சந்தேகம் வந்தால் குக்கியைத் துடைத்தால் மட்டும் போதாது. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கணக்கைத் திறந்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுத்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்போதுதான் திருடன் கையில் இருக்கும் டோக்கன் செல்லாமல் போகும்.

தலைமையாசிரியரின் லேப்டாப்பை ஃபார்மட் செய்யவில்லை. எக்ஸ்டென்ஷனை எடுத்து, தேடுபொறியைப் பழையபடி மாற்றி, வங்கிக்கும் மெயிலுக்கும் புதிய பாஸ்வேர்டு போட வைத்தேன். ஸ்கேனரையும் எடுத்துவிட்டோம். நான்கு நாள் கழித்து போன் செய்தார்.

"அந்த ஸ்கேனர்க்காரன் அடுத்த வருஷத்துக்கும் பணம் எடுப்பானா தம்பி?"

நல்ல கேள்வி. நிரலை நீக்கினால் சந்தா நீங்காது. போனில் இருக்கும் அவருடைய யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பெயர் அங்கே இருந்தது. போனில் பேசிக்கொண்டே ரத்து செய்தார். ரத்து ஆனதாக வந்த குறுஞ்செய்தியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, தேதி போட்டு டைரியில் எழுதிக்கொள்கிறேன் என்றார்.