ஸ்லாபில் இருக்கிறதே சார், அப்புறம் என்ன சந்தேகம்?

பழைய நாணயங்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் தொழில். ஸ்லாப் என்பது, தரம் பிரிக்கும் நிறுவனம் நாணயத்தைச் சோதித்து, கிரேடு எழுதிய லேபிளோடு மூடிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. தலைப்பில் இருக்கும் கேள்வியை யாராவது கேட்டாலே, அடுத்து நான் சொல்லப்போவது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்துவிடும். இப்போதெல்லாம் இதை அடிக்கடி கேட்கவேண்டியிருக்கிறது.

சமீபத்தில் ஒருவர் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ‘பன்றி ரூபாய்’ என்பார்களே, அதுதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த வருடமே யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். அச்சடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது 7 லட்சம், மீதியை உருக்கிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லியே விலையை ஏற்றலாம், ஏற்றுகிறார்கள். புழங்கித் தேய்ந்த பன்றி ரூபாய் இன்றும் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வந்தவரின் ஸ்லாப் அசல். உள்ளே இருந்த நாணயமும் அசல். ஆனால் லேபிளில் கிரேடு எண் இல்லை. ‘யுஎன்சி டீட்டெயில்ஸ், கிளீன்ட்’ என்று இருந்தது. புழங்காத நாணயம்தான், ஆனால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அதனால் எண் தர முடியாது என்று அதற்கு அர்த்தம். இவர் கொடுத்திருந்ததோ எம்எஸ் 64-க்கு, அதாவது 70-க்கு 64 வாங்கிய புழங்காத நாணயத்துக்கு உரிய விலை. லேபிள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இவர் படிக்கவில்லை. விற்றவர் படித்துக்காட்டவில்லை. ‘வெள்ளி பளபளவென்று இருந்தது சார்’ என்றார். நூறு வருட வெள்ளி அப்படிப் பளபளத்தால் அங்கேயே யோசித்திருக்க வேண்டாமா?

ஷெல்டன் அளவுகோல், 1 முதல் 70 வரை, 60-லிருந்து எம்எஸ் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் இருப்பது வேறு. கிரேடு என்பது நாணயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண். அது அரிதா இல்லையா என்று அந்த எண் சொல்லாது. என்ன விலை பெறும் என்றும் சொல்லாது. நேற்று மின்டிலிருந்து, அதாவது நாணயச்சாலையிலிருந்து வந்த பத்து ரூபாய் நாணயத்துக்கும் 66, 67 வாங்கிவிடலாம், பணம் கட்டினால் போதும். மிக அரிதான 1939 பம்பாய் ரூபாய், தேய்ந்துபோன ஒன்றுக்கு 20, 25 என்றுதான் எண் வரும். எனக்கு இரண்டில் ஒன்றைக் கொடுத்தால் எதை எடுப்பேன் என்று சொல்லவேண்டியதில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். ‘டாப் பாப் சார், உலகத்திலேயே இந்த கிரேடில் ஒன்றுதான்’ என்று ஆரம்பிக்கும்போதுதான் எரிச்சல் வரும். பாப் என்பது பாப்புலேஷன் ரிப்போர்ட்டின் சுருக்கம். எந்த நாணயம் எந்த கிரேடில் எத்தனை என்று, தரம் பிரிக்கும் நிறுவனம் தனக்கு வந்தவற்றை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அது. அதில் மிக உயர்ந்த கிரேடு வாங்கியதுதான் டாப் பாப். மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தை அங்கே லட்சக்கணக்கில் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அந்த எண்ணிக்கையை வைத்து ஏதோ ஊகிக்க முடியும். நம் நாணயங்கள் பெரும்பாலும் பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன. சில நூறு ரூபாய் பெறும் நாணயத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டணமும் கூரியரும் யார் செலவழிப்பார்கள்? பாப் 1 என்றால் ஒருவர் செலவழித்திருக்கிறார், அவ்வளவுதான். நாளைக்கே ஒரு டீலர் பத்து நாணயத்தை மொத்தமாக அனுப்பி, அதில் ஐந்து அதே கிரேடு வாங்கினால் உங்கள் பாப் 1, பாப் 6 ஆகிவிடும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வராது. 64-க்கும் 65-க்கும் விலை எக்கச்சக்கமாகத் தாண்டும் நாணயங்களில் இன்னொன்றும் நடக்கும். 64 வந்தால் ஸ்லாபை உடைத்துத் திரும்ப அனுப்புவார்கள், 65 வரும்வரை. தரம் பிரிப்பதும் மனிதக் கண்தானே.

ரீஸ்ட்ரைக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா, பம்பாய் மின்டுகளே பழைய அச்சுகளை வைத்துச் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் அடித்துக்கொடுத்த ப்ரூஃப் நாணயங்கள் (புழக்கத்துக்கு இல்லாமல், தனிக் கவனத்தோடு பளபளப்பாக அடிப்பவை) உண்டு. போலி இல்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் பழைய ப்ரூஃபின் விலை அதற்குக் கிடையாது. லேபிளில் ‘ரீஸ்ட்ரைக்’ என்று போட்டிருப்பார்கள். விற்பவரின் விளம்பரத்தில்தான் அந்தச் சொல் காணாமல் போய்விடும். லேபிளை முழுசாகப் படியுங்கள், தயவுசெய்து. பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அடுத்தது போலி ஸ்லாப். என்ஜிசி என்ற அமெரிக்கத் தரம் பிரிக்கும் நிறுவனத்தின் ஸ்லாபையே நகல் எடுத்துவிட்டார்கள் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. அதே மாதிரி இன்னொரு நிறுவனமான பிசிஜிஎஸ்ஸின் ஸ்லாபுக்கும் நகல் உண்டு. லேபிளில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது என்பார்கள். வரத்தான் செய்யும், அசல் எண்ணைத்தானே போலியிலும் அச்சடிக்கிறான். எண்ணோடு படமும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தில் இருக்கும் கீறல், கறை, டோனிங் (காலப்போக்கில் ஏறிய நிறம்) எல்லாம் உங்கள் கையில் இருக்கும் நாணயத்தில் அதே இடத்தில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். படம் இல்லாவிட்டால், விலை பெரிசாக இருந்தால், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். ஸ்லாபுக்கு வெளியே இருக்கும் வெள்ளி ரூபாயைத் தராசில் வைத்தால் 11.66 கிராம் இருக்கிறதா என்று நானே சொல்லிவிடுவேன். ஸ்லாபுக்குள் இருப்பதை நிறுத்துப் பார்க்க முடியாது. 1938 என்று இருக்கும் ரூபாயில் எட்டை ஒன்பதாக மாற்றிச் செதுக்கி, அரிதான 1939 என்று விற்கும் ரூபாய்கள் சந்தையில் நிறைய. பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் பெட்டிக்குள் அதுபோன்ற ஒன்று இருந்தால், அந்தப் பெட்டியால் உங்களுக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை.

‘உங்கள் தாத்தா வைத்திருந்த நாணயத்தைக் கொடுங்கள், அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு வாங்கித் தருகிறோம்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நூறு வயதைத் தொட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது சட்டவிரோதம். கிரேடு வாங்கத்தானே, திரும்பி வந்துவிடுமே என்று கஸ்டம்ஸில் சொல்லிப் பாருங்கள்.

ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷனோ வரியோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று வங்கி 2021-லேயே அறிவித்துவிட்டது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, வாங்கலாமா? அதே நாணயம், அதே கிரேடு, இந்திய ஏலங்களில் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் கோடி ரூபாய் கேட்கலாம். ஏலத்தில் எடுப்பதாக இருந்தால் கமிஷனையும் வரியையும் கூட்டிக்கொண்டு, எதுவரை போவேன் என்று வீட்டிலேயே எழுதிவைத்துவிட்டுப் போங்கள். தனி நபரிடம் வாங்கினால் ரசீதில் லேபிள் எண்ணை எழுதச் சொல்லுங்கள். போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் அதிலேயே எழுதி வாங்குங்கள். ‘நம்பிக்கைதானே சார் முக்கியம்’ என்று இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.